சக்கர நாற்காலி விசுவாசக் குறைவா?



தலைப்பில் உள்ள கேள்விக்கு நான் ஒரு காலத்தில் "ஆமாம்" என்று பதில் சொன்னவன். சபையார் நடுவே, சத்தமாகச் சொன்னேன். அந்தப் பதிலுக்கு இன்னொருவன் தன் சரீரத்தில் விலை கொடுத்தான். ஆகவே இது உபதேசம் அல்ல. பாதி சாட்சி, பாதி பாவ அறிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்டரிடம் எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "எழுதுங்க பிரதர், ஆனா மறைக்காம எழுதுங்க" என்றார்கள்.

என் மனைவியின் தம்பி கொத்தனார். 2016-ஆம் ஆண்டு, நம்மூரில் ஆடித்தபசுக் கூட்டம் கலைந்த வாரம், ஒரு மாடி வீட்டுக்கு வெளிப்பூச்சு பூசிக்கொண்டிருந்தான். சாரக்கட்டை முறிந்தது. அப்போது அவனுக்கு 31 வயது. கூட நின்ற பையன்கள் பதறிப்போய், ஒருவன் கக்கத்தில் கைகொடுக்க, ஒருவன் காலைப் பிடிக்க, மூட்டையை மடக்குவதுபோல மடக்கி ஆட்டோவில் திணித்துக் கொண்டுபோனார்கள். பாசத்தில்தான் செய்தார்கள். ஆனால் முதுகெலும்பு முறிந்தவனை அப்படி மடக்கினால், உடைந்த எலும்பே உள்ளே இருக்கிற தண்டுவடத்தை நசுக்கிவிடும். தண்டுவடம் என்ன பெரிய வடமா? நம் சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும். அதற்குள்தான் மூளையிலிருந்து காலுக்குப் போகிற எல்லாக் கட்டளையும், காலிலிருந்து மூளைக்கு வருகிற எல்லாச் செய்தியும் ஓடுகிறது. யாராவது உயரத்திலிருந்து விழுந்தால் 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, அது வருகிறவரை ஆளை அசைக்காதேயுங்கள். தூக்கியே ஆகவேண்டிய ஆபத்து இருந்தால் நாலு பேர் சேர்ந்து, தலையும் கழுத்தும் முதுகும் ஒரே கோட்டில் இருக்க, ஒரு பலகையிலோ கழற்றிய கதவிலோ வைத்துத் தூக்குங்கள். இதைப் படித்து ஒருவன் நினைவில் வைத்துக்கொண்டாலும் எனக்குப் போதும்.

திருநெல்வேலியில் ஆபரேஷன் ஆயிற்று. உயிர் பிழைத்தான். இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. அனுப்பும்போது டாக்டர் தெளிவாகவே சொன்னார்: "பிசியோதெரபிய விடாதீங்க. சீக்கிரமா ஒரு மறுவாழ்வு மையத்துல சேருங்க." நாங்கள் தலையாட்டிவிட்டு, அவனை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தினோம்.

ஜெபித்தோம். அதில் எந்தக் குறையும் வைக்கவில்லை. எண்ணெய் பூசி ஜெபித்தோம். 21 நாள் உபவாச ஜெபம் வைத்தோம். ஒரு நாள், அவன் முன்பு வேலைபார்த்த வீட்டு முதலாளி ஒரு சக்கர நாற்காலி வாங்கி, வண்டியில் ஏற்றி அனுப்பியிருந்தார். நான்தான் வாசலில் மறித்தேன். "இதை உள்ளே விட்டா, கர்த்தர் செய்யப்போற அற்புதத்துக்கு நாமளே தடை போட்ட மாதிரி. அவன் நடந்தே சபைக்கு வருவான்" என்றேன். எல்லாரும் "ஆமென்" என்றார்கள். கட்டிலில் கிடந்தவன் மட்டும் ஆமென் சொல்லவில்லை. ரொம்ப நாள் கழித்து என்னிடம் சொன்னான்: "அத்தான், அந்த நாற்காலி வாசலைத் தாண்டி வெளிய போனப்ப, எனக்கு ரெண்டாவது தடவ சாரத்துலேருந்து விழுந்த மாதிரி இருந்திச்சு."

ஏழு மாதம் அப்படியே கிடந்தான். ஒரு நாள் அவன் மனைவி, "அண்ணாச்சி, ஏதோ ஒரு வாடை வருது" என்றாள். புரட்டிப் பார்த்தோம். கீழ்முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். ஆழம் பார்க்கத் தைரியம் வரவில்லை. உணர்ச்சி உள்ளவர்கள் நாம் தூக்கத்தில்கூட தானாகப் புரண்டு படுக்கிறோம். உணர்ச்சி போன இடத்தில் வலி வந்து எச்சரிக்காது. எலும்பு மேடான இடத்தில் பாரம் அழுத்த, ரத்த ஓட்டம் நின்று, சதை செத்துப்போகும். அதனால்தான் படுத்திருக்கிறவர்களை இரண்டு மணிக்கொரு தடவை, ராத்திரியிலும், திருப்பிப் படுக்கவைக்கவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்புகிறார்கள். மறுபடி சேர்த்தபோது புண்ணைச் சுத்தம் செய்து பக்கத்துச் சதையைத் திருப்பி மூடினார்கள். "யாரும் இவரத் திருப்பிப் போடலையா?" என்று கேட்டார் அந்த டாக்டர். கேள்வி அவ்வளவுதான்.

நினைத்துப் பாருங்கள். சங்கிலி ஜெபத்துக்கு மணிக்கு ஒருவர் என்று பெயர் எழுதி, பட்டியல் போட்டு, சபைச் சுவரில் ஒட்டியவர்கள் நாங்கள். விடியற்காலம் மூன்று மணிக்கு ஜெபிக்கவும் ஆள் இருந்தது. இரண்டு மணிக்கொரு தடவை அவனைத் திருப்பிப் போட ஒரு பட்டியல் போட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை! ஜெபிக்க விழித்திருந்த அதே ஆட்கள், அதே மணிக்கு, அவன் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

அப்படியானால் உனக்கு அற்புத சுகத்தில் நம்பிக்கை இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. இன்றைக்கும் அவனுக்காக ஜெபிக்கிறேன். ஆனால் நம் பக்கத்துக் கரிசல்காட்டுச் சம்சாரியைப் பாருங்கள். மழை விழுமுன்னே காய்ந்த நிலத்தில் புழுதி விதைப்பு விதைக்கிறான். விதைக்கிறவனைப் பார்த்து, "உனக்கு மழையில் நம்பிக்கை இல்லையா?" என்று யாராவது கேட்போமா? நம்பிக்கை இருப்பதால்தானே விதைக்கிறான்! கர்த்தர் நாளைக் காலையில் அந்தத் தண்டுவடத்தைச் சேர்த்து வைக்கிறார் என்றே வையுங்கள். ஏழு மாதம் நீட்டி மடக்காத முழங்கால் கட்டைபோல் இறுகியிருக்கும். புண்ணில் சீழ் இருக்கும். சிறுநீர் தேங்கிக் கிருமி ஏறினால் கிட்னி கெட்டிருக்கும். அற்புதத்துக்காகக் காத்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, அற்புதம் வந்து இறங்கவேண்டிய சரீரத்தையே நாங்கள் அழியவிட்டோம்.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்த அறியாமை அல்ல. இரண்டாம் உலக யுத்த காலம் வரைக்கும், தண்டுவடம் அறுந்தவர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும் சீக்கிரமே மரித்தார்கள். மேல்நாட்டு டாக்டர்களே கைவிட்டிருந்தார்கள். 1944-இல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்ற இடத்தில் லுட்விக் குட்மன் என்பவரிடம் இப்படிப்பட்டவர்களுக்கான தனிப் பிரிவை ஒப்படைத்தார்கள். அவர் ஹிட்லருக்குத் தப்பி ஜெர்மனியிலிருந்து ஓடிவந்த யூத டாக்டர். அவர் செய்த முதல் காரியம் பெரிய ஆபரேஷன் ஒன்றும் இல்லை. இரவும் பகலும் இரண்டு மணிக்கொரு தடவை நோயாளியைத் திருப்பு, சிறுநீர்ப்பையைச் சுத்தமாய் வை, படுக்கையை விட்டு எழுப்பி ஒரு வேலை கொடு. இதில் பிடிவாதமாய் நின்றார். சாகக் கிடந்தவர்கள் பிழைத்தார்கள். 1948-இல் லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், நாற்காலியில் இருந்த 16 பழைய போர்வீரர்களை வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். இன்றைய பாராலிம்பிக்குக்கு அதுதான் ஆரம்பம்.

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மேரி வர்கீஸ் என்ற இளம் டாக்டர் இருந்தார்கள். கொச்சியைச் சேர்ந்தவர்கள். 1954 ஜனவரியில் டாக்டர்கள் சிலர் சேர்ந்து போன வண்டி கவிழ்ந்தது. அந்த அம்மாவுக்கு முகத்திலும் காயம், முதுகெலும்பும் முறிந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. 28 வயது. நின்று ஆபரேஷன் செய்கிற வேலை முடிந்தது. எத்தனையோ மாதம் மல்லாந்து படுக்கை. அப்போது அங்கே டாக்டர் பால் பிராண்ட் இருந்தார். மிஷனெரி தம்பதிக்கு 1914-இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். குஷ்டரோகத்தால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்துகிற சிகிச்சையை வேலூரில் வளர்த்தவர். கை ஆபரேஷனை உட்கார்ந்தே செய்யலாமே என்ற வழியை அவர் காட்டினார். மேரி வர்கீஸ் அம்மா சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, குஷ்டரோகிகளின் கைகளைச் சரிசெய்யத் தொடங்கினார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். குஷ்டரோகத்தில் கை மரத்துப்போவதால் சூடு தெரியாது, வெட்டுத் தெரியாது, புண் தெரியாது. வலி இல்லாததுதான் அங்கே ஆபத்து. அந்த டாக்டரின் கால்களிலும் அதே ஆபத்து இருந்தது. நோயாளிக்குத் தெரிந்தது டாக்டருக்கும் தெரியும். டாக்டருக்குத் தெரிந்தது நோயாளிக்கும் தெரியும்.

அதோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்குப் போய், தன்னைத்தானே கவனித்துக்கொள்ளப் பயிற்சி பெற்றார்கள். பிறகு நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்கின் நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவத்தையே படித்தார்கள். திரும்பி வந்து 1963-இல் வேலூரில் அந்தத் துறைக்குத் தலைவரானார்கள். 1966-இல் தண்டுவடம் அடிபட்டவர்கள் தங்கிப் பயிற்சி பெற ஒரு நிலையமே திறக்கப்பட்டது. இன்று அது அவர்கள் பெயரால் வழங்குகிறது. 1972-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 1986-இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அவர்கள் மறுபடி நடக்கவில்லை. அந்த நாற்காலியை விசுவாசக் குறைவு என்று சொல்ல எனக்கு இப்போது வாய் வராது.

இன்னும் கிட்டத்தில் பார்க்கவேண்டுமானால், நம் மாவட்டத்திலேயே, தென்காசி பக்கத்தில் ஆய்க்குடி இருக்கிறது. அந்த ஊர் எஸ். ராமகிருஷ்ணன், 1975-இல் இன்ஜினியரிங் படிக்கிற வாலிபன். கடற்படை அதிகாரி தேர்வுக்குப் பெங்களூர் போய், அங்கே உடல்திறன் சோதனையில் உயரத்திலிருந்து விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். ராணுவ ஆஸ்பத்திரியில் அவருக்குத் தைரியம் கொடுத்தவர் டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல். ஊர் திரும்பியபின் 1981-இல், அந்த டாக்டரின் பெயராலேயே அமர் சேவா சங்கம் என்று தொடங்கி, ஊனமுற்ற பிள்ளைகளுக்காக ஓலைக் கொட்டகையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் வைத்தார். 1992-இல் தசைச் சிதைவு நோயால் நடக்க முடியாத ஆடிட்டர் சங்கரராமன் அவரோடு சேர்ந்தார். கழுத்துக்குக் கீழே அசையாத ஒருவரும், தசை நாளுக்கு நாள் குறைகிற ஒருவரும் நடத்திய இடத்தில் எத்தனையோ ஆயிரம் பேர் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். 2020-இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அவர் நம் சபையார் அல்ல, நம் மார்க்கத்தாரும் அல்ல. குற்றுயிராய்க் கிடந்தவனைத் தூக்கிக்கொண்டு போனவன் சமாரியன் என்பதை ஞாயிறு பள்ளியிலேயே நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வழியே ஆசாரியனும் லேவியனும் ஒதுங்கிப் போனார்கள் என்பதையும்தான்.

என் மைத்துனனை ஒருவழியாக ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். மூன்று மாதம். முதலில் உட்காரவே முடியவில்லை. நிமிர்த்தினால் ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். சாய்வு மேஜையில் கட்டி, நாளுக்குக் கொஞ்சமாய் நிமிர்த்தினார்கள். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒரு வழுவழுப்பான பலகையைப் போட்டு, கையை ஊன்றி நகர்ந்து மாறப் பழக்கினார்கள். நாற்காலியில் இருக்கும்போது கால் மணி, அரை மணிக்கொரு தடவை கைகளை ஊன்றி இடுப்பைத் தூக்கி இறக்கவேண்டும். தினமும் கைக்கண்ணாடி வைத்து முதுகுத்தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கொரு தடவை, சுத்தமான சின்னக் குழாயைத் தானே செலுத்திச் சிறுநீரை வெளியேற்றவேண்டும். சபைப் பத்திரிகையில் இதையெல்லாம் எழுதலாமா என்று முகம் சுளிக்காதேயுங்கள். இதை எழுதாமல் விட்டதால்தான், இது தெரியாமல் வீட்டுக்குள் சாகிறார்கள்.

இவற்றில் பாதியை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது டாக்டர் அல்ல. அவனைப்போலவே முதுகு முறிந்து, ஆறு வருஷமாய் நாற்காலியில் இருக்கிற ஒரு பனையேறி. "ஏலே, அழுறதுன்னா அழு. ஆனா அழுதுகிட்டே இடுப்பத் தூக்கு" என்பாராம். நான் ஏழு மாதம் பேசியதைவிட அந்த ஒரு வார்த்தை அவனுக்கு அதிகம் உதவியது.

அங்கே அவனைப் பார்க்கப் போனபோது, உற்சாகப்படுத்துவதாக நினைத்து, மேரி வர்கீஸ் அம்மாவின் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தான். பிறகு, "அத்தான், அந்த அம்மா டாக்டரு. நான் கொத்தன். நாற்காலில உக்காந்து சாரம் ஏற முடியாது. நான் ஒண்ணும் சாதிக்காட்டி என்ன செய்வீங்க?" என்றான்.

எனக்குப் பதில் வரவில்லை. முதலில் அவனிடம் விசுவாசத்தைக் கேட்டு நெருக்கினேன். அது கிடைக்காதபோது இப்போது சாதனையைக் கேட்டு நெருக்குகிறேன்! இரண்டிலும், "நீ இப்படி இருப்பது போதாது" என்பதுதான் அவன் காதில் விழுந்திருக்கும். எத்தனையோ பேருக்கு ஒரு விரல்கூட அசையாது. அவர்கள் சங்கம் தொடங்கமாட்டார்கள், பத்மஸ்ரீ வாங்கமாட்டார்கள். அவர்களுடைய ஜீவனுக்கு மதிப்பு எங்கேயிருந்து வருகிறது? வேலை செய்கிற கையிலிருந்துதான் வருகிறது என்றால், நம் வீட்டு வயதானவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் மதிப்பே இல்லையே.

அன்று ராத்திரி மேவிபோசேத்தின் சரித்திரத்தை வாசித்தேன். ஐந்து வயதில், தாதி தூக்கிக்கொண்டு ஓடுகையில் விழுந்து இரண்டு காலும் முடமானவன். யோனத்தானின் நிமித்தம் தாவீது அவனை அழைப்பித்துத் தன் பந்தியில் உட்காரவைத்தான். அவன் கால் சுகமானதாக எங்கேயும் எழுதியில்லை. பந்தியில் உட்கார்ந்த பிறகும் அவன் இரண்டு காலும் முடமென்றே அந்த அதிகாரம் முடிகிறது. பந்தியில் அவன் என்ன சாதித்தான்? சாப்பிட்டான். மறுநாளும் வந்து சாப்பிட்டான். அடுத்த தடவை போனபோது மைத்துனனிடம் சொன்னேன்: "மாப்ள, நீ ஒண்ணும் சாதிக்கவேண்டாம். வீட்டுக்கு வா, சாப்பிடுவோம்." அப்போதுதான் அவன் அழுதான்.

நான் சுருக்கமாகச் சொல்லி நகர நினைத்த இன்னொரு காரியம் உண்டு. ஆனால் அதுவும் என் கணக்கில் இருக்கிறது. ஹெல்மெட் போடாமல் பைக்கில் போய் விழுந்து தலையில் அடிபட்ட ஒரு வாலிபனை ஜெபத்துக்குக் கொண்டுவந்தார்கள். காயம் ஆறிவிட்டது, கை கால் நன்றாயிருக்கிறது. ஆனால் சாந்தமான பிள்ளை, பெற்ற தாயையே கெட்ட வார்த்தை பேசுகிறான், தட்டை எறிகிறான். "அசுத்த ஆவி" என்று தீர்மானித்து, டிரம்ஸ் அடித்து, மைக்கில் அதட்டினோம். அவன் கையைப் பிடித்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதிதான் கோபத்தையும் நாவையும் அடக்குகிறது, அது அடிபட்டால் கடிவாளம் அறுந்த குதிரை மாதிரி என்று பிற்பாடு ஒரு நரம்பியல் டாக்டர் விளக்கினார். இரைச்சலும் கூட்டமும் அப்படிப்பட்டவர்களைக் கலங்கடிக்கும். நாங்களோ அவனை ஸ்பீக்கருக்கு முன்னால் நிறுத்தினோம்! அவனுக்கு வேண்டியிருந்தது அமைதியான அறை, ஒரு நேரத்தில் ஒரே ஒரு பேச்சு, தினமும் ஒரே மணிக்கு ஒரே வேலை, சுவரில் எழுதி ஒட்டிய அட்டவணை. திரும்பத் திரும்பச் செய்யும்போது, போன வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாய் மூளையின் வேறு பகுதிகள் கற்றுக்கொள்ளும். வருஷக்கணக்காகும். அவன் பேசிய வார்த்தைகளுக்கு அவன் எவ்வளவு பொறுப்பு என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. நாங்கள் செய்ததற்கு நாங்கள் பொறுப்பு என்பது மட்டும் விளங்குகிறது. அந்தத் தாயிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க ஐயா, தெரியாமத்தான செஞ்சீங்க" என்றார்கள்.

திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்துகொண்டு வந்த சம்பவத்தை எத்தனை தடவை பிரசங்கத்தில் கேட்டிருப்போம்! இயேசு கண்டது சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தை என்று எழுதியிருக்கிறது. படுத்திருந்தவனுக்கு எவ்வளவு விசுவாசம் என்று அங்கே யாரும் அளந்து பார்க்கவில்லை. அந்த நாலு பேரும் வழி இல்லை என்று கண்டதும் கூரையைப் பிரித்தார்கள். வீட்டுக்காரர் என்ன சொன்னாரோ!

நம் ஆலய வாசலில் மூன்று படி. இத்தனை வருஷமாய் ஞாயிறுதோறும் இரண்டு பேர் அவனை நாற்காலியோடு தூக்கி உள்ளே வைக்கிறோம். சாய்தளம் கட்டலாம் என்று பேச்சு வந்தபோது, "அதான் நாம தூக்குறோமே" என்றார் ஒரு மூப்பர். அதற்கு மைத்துனன், "ஐயா, நீங்க வராத வாரம் நான் வாசல்ல நிக்கணும். ஜெபம் நடுவுல வெளிய போகணும்னாலும் ரெண்டு பேரக் கண்ணக் காட்டிக் கூப்பிடணும்" என்றான். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

அளவு எடுத்தது அவனேதான். படிக்கு 7 அங்குலம், மூன்று படிக்கு 21 அங்குலம். ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் வேண்டும். அதற்குக் குறைந்தால் ஏற்றம் செங்குத்தாகி நாற்காலி பின்னால் சாயும். ஆக 21 அடி. வாசலிலிருந்து காம்பவுண்டுச் சுவர் வரை இருப்பதோ 16 அடி. ஆகவே பத்தரை அடி வந்து, 5 அடியில் ஒரு சமதளத் திருப்பம், மறுபடி பத்தரை அடி. செருப்பு விடுகிற இடமும் பாஸ்டர் வண்டி நிறுத்துகிற இடமும் மாறவேண்டும். பாஸ்டர் சரி என்றுவிட்டார்கள்.

செங்கலும் மணலும் வந்து இறங்கியாயிற்று. வருகிற சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வேலை தொடங்குகிறது. நூல் பிடித்து மட்டம் பார்க்க மைத்துனன் வருகிறான். மண் அள்ள இன்னும் நாலு பேர் வேண்டும். மண்வெட்டி உள்ளவர்கள் கையோடு கொண்டு வாருங்கள்.